பூஜை மட்டுமே கண்ட வின்ச்

"படிச்ச பொண்ணு நீ. கம்ப்யூட்டர்ல நல்லா டைப் பண்ணுவ. வின்ச்சுல கை வெச்சா வெரல் மிஞ்சாது, தங்கச்சி."

சொன்னவர் பரமேஸ் அண்ணன். எங்கள் ஃபோர் வீல் குழுவின் தலைவர். யாரும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. குழுவிலேயே பெரிய டயர் அவருடையது... அதனால் தலைவர்.

வின்ச் என்றால் என்னவென்று கேட்பவர்களுக்கு: வண்டியின் முன் பம்பரில் ஓர் உருளை, அதில் சுற்றிய கயிறு, பக்கத்தில் ஒரு மோட்டார். சேற்றில் மாட்டிக்கொண்டால் கயிற்றை இழுத்துப் போய் மரத்தில் கட்ட வேண்டும். பட்டனை அழுத்தினால் வண்டி தன்னைத்தானே வெளியே இழுத்துக்கொள்ளும்.

வின்ச் இல்லாத வண்டிக்குக் காட்டுக்குள் போகும் வரிசையில் இடமில்லை என்பது குழுவின் சட்டம். அதனால் இத்தனை நாளும் நான் யாராவது ஒருவருடைய பின் சீட்டில்தான் போனேன். மடியில் எல்லாருக்குமான நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்கள். பெண்களுக்கென்று குழு ஒதுக்கிய பதவி அது. சேறு பார்த்துத் திரும்புகிற பயணத்தில் என் மேல் மட்டும் மிளகாய்ச் சம்பல் கறை.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அந்த வரிசையில் என் வண்டி. ஸ்டீயரிங்கில் நான்.

நான் ஒரு பழைய ஃபோர் வீல் வாங்கிய கதை இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். அதற்குச் சேற்று டயர் போட்டேன். சஸ்பென்ஷனைக் கொஞ்சம் உயர்த்தினேன். வின்ச்சைத் தாங்கும் இரும்பு பம்பர் மாட்டினேன். பேட்டரியையும் பெரிதாக்கினேன். மற்றவர்கள் விளக்கில் ஆரம்பிப்பார்கள். குழுவின் சில வண்டிகளைப் பார்த்தால் தைப்பூச ரதத்துக்கே கூச்சமாக இருக்கும். ஆற்றில் இறங்கும்போது இன்ஜின் மூச்சு விடுவதற்கான உயரமான குழாயும் எல்லா வண்டியிலும் உண்டு. அந்தக் குழாய்கள் இதுவரை பார்த்த தண்ணீர், கார் கழுவும் கடையின் தண்ணீர் மட்டுமே.

புது வின்ச்சுக்கு வழியில்லை. தெப்ராவில் பழைய வண்டிகளை அறுத்து விற்கும் கடையில் ஒரு பழையது கிடைத்தது. கடை முதலாளியான சீனத் தவுக்கே அதைத் தட்டிக்காட்டி, "பெலும் பெர்னா பாக்காய், அமோய்" என்றார். ஒரு தடவைகூட உபயோகிக்காததாம். உருளையை விடுவிக்கும் லிவரைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. "பாரு, இன்னும் டைட்டு" என்றார் தமிழில். வியாபாரத்துக்கு எத்தனை மொழி வேண்டுமோ அத்தனையும் அவருக்குத் தெரியும்.

வீட்டுப் போர்ச்சில் பழைய பேனரை விரித்து அதைப் பிரித்தேன். அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சிம்பாங் ரெங்கம் பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் பழம் பொறுக்கி என்னைப் படிக்கவைத்தவர்.

"கையில அழுக்குப் படாம வேல பாக்கணும்னுதான உன்ன படிக்க வெச்சேன்?"

"இதத்தாம்மா படிச்சேன்."

"காலேஜுலயா?"

"காலேஜுலதான்."

அம்மா நம்பவில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். மெக்கானிக்கல் டிப்ளோமா. சான்றிதழ் ஹாலில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் அம்மா அதற்கும் சேர்த்தே சூடம் காட்டுகிறார்.

கியர் பெட்டியைத் திறந்தேன். உள்ளே சிவப்பாக ஏதோ அப்பியிருந்தது. துரு என்றுதான் நினைத்தேன். டீசலில் கழுவினால் துரு இப்படியா பாகு போல நூல் விடும்? விரலில் எடுத்து மோந்து பார்த்தேன். புளித்த தேங்காய்த் தண்ணீரும் சந்தனமும் கலந்த வாசம். லிவர் அசையாததற்குக் காரணம் அதன் பிளவிலேயே செருகிக்கொண்டிருந்தது... ஒரு சில்லு. தேங்காய் ஓடு.

முந்தைய சொந்தக்காரர் யார் என்று தெரியாது. ஆனால் நம்மாள்.

எங்கள் குழுவின் வழக்கம் அப்படி. காட்டுக்குள் இறங்குமுன் தோட்ட முனையில் இருக்கும் முனியாண்டி கோயிலில் எல்லா வண்டிக்கும் பூஜை. டயருக்கு எலுமிச்சம்பழம். வின்ச் கொக்கிக்கு மாலை, லிவருக்குக் குங்குமம். பிறகு கொக்கியின் மேலேயே ஓங்கித் தேங்காய் உடைப்பார்கள். தண்ணீர் அப்படியே மோட்டார் மேல் வழியும். ஒவ்வொரு பயணத்துக்கும் இதேதான்.

தவுக்கே பொய் சொல்லவில்லை. அந்த வின்ச்சை யாரும் உபயோகிக்கவில்லை. கும்பிட்டிருக்கிறார்கள்.

கியர்களைக் கழுவி, பழைய டூத் பிரஷ்ஷால் பல் பல்லாகத் தேய்த்தேன். சீல்களை மாற்றினேன். கிரீஸ் வைத்தேன். மோட்டாரின் கார்பனைச் சுத்தம் செய்தேன். மின்சார ஸ்விட்ச் பெட்டி உள்ளே பச்சைக் களிம்பு பிடித்திருந்தது, அதைத் தூக்கி எறிந்து புதிது போட்டேன். இரும்புக் கயிற்றுக்குப் பதிலாக நைலான் மாதிரியான புதுக் கயிறு. பேட்டரியில் இணைத்துப் பட்டனை அழுத்தியபோது, உருளை ஒரு முனகலோடு சுற்றியது. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "சத்தமெல்லாம் வருது" என்றார். எங்கள் வீட்டில் இதற்குமேல் பாராட்டு கிடையாது.

அடுத்த பயணம் சிம்பாங் ரெங்கம் செம்பனைத் தோட்டத்துக்குள். நான் பிறந்த பக்கம். தோட்டத்தில் அனுமதியெல்லாம் வாங்கியாகிவிட்டது. கோயிலில் பரமேஸ் அண்ணன் கையில் தேங்காயோடு என் வண்டியை நோக்கி வந்தார்.

"அண்ணே, வின்ச் மேல வேணாம். தண்ணி உள்ள எறங்குது. நான் பிரிச்சுப் பாத்தேன்."

"சாமி காரியத்துல டிப்ளோமாவக் கொண்டாராத, தங்கச்சி."

"சாமிக்குத்தான உடைக்கிறோம்? மோட்டாருக்கு இல்லையே. உங்களோடதையும் ஒருக்கா தொறந்து பாருங்க."

"என்னோடது புதுசு, லா. பெட்டியோட வந்தது." குழு சிரித்தது. "ஒடைக்காத வண்டி நம்ம வரிசைல வந்ததில்ல."

அங்கேயே திரும்பிவிடச் சொல்வார் என்று நினைத்தேன். மறுபடியும் பின் சீட்டா? மறுபடியும் சம்பலா? தேங்காயை அவர் கையிலிருந்து வாங்கி, முனியாண்டிக்கு முன்னால் இருந்த கல்லில் ஓங்கி உடைத்தேன். சரிபாதியாக விழுந்தது. நல்ல சகுனம் என்று அவர்களே சொல்லித் தொலைக்க வேண்டியதாயிற்று.

"சரி. கடைசி வண்டியா வா" என்றார் அண்ணன். "மாட்டிக்கிட்டா ஹார்ன் அடி. நாங்க வந்து இழுத்துவிடுறோம்."

கடைசி என்றாலும் வரிசைதானே? வந்தேன்.

முந்தின நாள் மழை. தோட்டத்துப் பள்ளத்தில் முதலில் இறங்கியது பெரிய டயர். பெரிய டயருக்குப் பெரிய பள்ளம்... வண்டி வயிறு வரை அமர்ந்துவிட்டது. அண்ணன் வின்ச் பட்டனை அழுத்தினார். டக். இன்னொரு தரம். டக். உருளை சுற்றவில்லை, லிவரும் அசையவில்லை.

"பேட்டரி வீக்கு" என்றார். ஒருவர் ஃபியூஸ் என்றார், ஒருவர் சீனச் சாமான் என்றார், ஒருவர் கண் திருஷ்டி என்றார். தேங்காய் என்று யாரும் சொல்லவில்லை.

இரண்டாவது வண்டியின் வின்ச்சை முயன்றார்கள். டக். மூன்றாவதில் அந்தச் சத்தம்கூட இல்லை. "அலமாக்" என்றார் அதன் சொந்தக்காரர், மாலையைக் கழற்றிக்கொண்டே.

நான் ஹார்ன் அடித்தேன்.

வழி குறுகல். என்னை முன்னால் விட வேண்டுமென்றால் மொத்த வரிசையும் செம்பனை மரங்களுக்கு இடையில் பின்வாங்கி ஒதுங்க வேண்டும். ஒதுங்கியது. ஒவ்வொரு வண்டியாகக் கடந்து போனேன். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை, எல்லாரும் என் பம்பரைப் பார்த்தார்கள்.

கயிற்றை அவிழ்த்து அண்ணனுடைய வண்டியில் மாட்டினேன். கயிறு அறுந்து தெறித்தால் ஆளை அடிக்காமலிருக்க அதன் மேல் கனமான சாக்கைப் போட்டேன். எல்லாரையும் தள்ளி நிற்கச் சொன்னேன். நின்றார்கள். எனக்கே கொஞ்சம் ஆச்சரியம். கயிறு விறைத்தது. மோட்டார் முனகியது. அது இழுக்காவிட்டால் அடுத்த பயணத்தில் என் இடம் எங்கே என்று எனக்குத் தெரியும். சேறு ஒரு பெரிய முத்தச் சத்தத்தோடு வண்டியை விட்டது.

அண்ணன் இறங்கி வந்தார். என் வின்ச்சைத் தொட்டுப் பார்த்தார்.

"பழசா இது?"

"பழசுதான்ணே."

"வெரலெல்லாம் இருக்கா?"

விரித்துக் காட்டினேன். பத்தும் இருந்தன. கிரீஸோடு.

மறுநாள் குழுவின் வாட்ஸ்அப்பில் படம் வந்தது. தலைப்பு: 'ஒற்றுமையே பலம்.' படத்தில் கயிறு தெரிந்தது, சாக்கு தெரிந்தது. நான் நின்ற பக்கம் மட்டும் எப்படியோ வெட்டுப்பட்டுப் போயிருந்தது.

நமக்கு ஒரு பழக்கம், கவனித்திருக்கிறீர்களா? எதை மதிக்கிறோமோ அதைத் தொட மாட்டோம். நல்ல கோப்பைகள் கண்ணாடி அலமாரியில் இருக்கும், விருந்தாளிக்குப் பிளாஸ்டிக் கோப்பை. சோபாவுக்குப் பாலிதீன் உறை. மகளின் டிப்ளோமாவுக்குச் சூடம், மகளுக்கு நாசி லெமாக் பொட்டலம்.

போன வாரம் பரமேஸ் அண்ணன் வீட்டுக்கு வந்தார். கையில் வேட்டியில் சுற்றிய ஏதோ ஒன்று. கனத்தில் சாய்ந்து நடந்தார்.

"பேட்டரிதான் வீக்கு. இருந்தாலும் சும்மா ஒரு கிரீஸ் போட்டுக் குடேன், தங்கச்சி."

அம்மா அவருக்குக் கண்ணாடி அலமாரிக் கோப்பையில் காப்பி கொடுத்தார். "எம்பொண்ணு காலேஜுல இதத்தான் படிச்சா" என்றார்.

அண்ணனுடைய வின்ச்சைக் கழுவி முடித்துவிட்டேன். உள்ளே இருந்த ஓட்டுச் சில்லைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த பயணத்தில் முதலில் போகும் வண்டி என்னுடையது என்று குழுவில் பதிவும் போட்டாயிற்று.

தேங்காயும் வாங்கிவிட்டேன். உடைப்பதற்கு நல்ல கல் ஒன்றை வண்டியில் ஏற்றியாகிவிட்டது.