அம்மாவின் பேரைக் காத்த அண்ணன்

அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களும் நண்பர்களும் அவரை நன்றாக அறிந்தவர்கள்தான். ஆனாலும் தங்கை என்று ஒருத்தி இருந்துகொண்டு வாய் மூடியிருக்க முடியுமா? எனக்கு அது எந்தக் காலத்திலும் பழக்கமில்லை.

அண்ணன் இறம்பொடையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தார். அப்பா காய்ச்சலில் இறந்ததும் அம்மா எங்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு டிக்கோயாப் பக்கம், தாய்மாமன் இருந்த தோட்டத்துக்கு வந்தார். அம்மா மலையில் கொழுந்து எடுத்தார். அண்ணன் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலைக்குச் சேர்ந்தார். இன்று நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறேன் என்றால், அண்ணன் தேயிலைத் தூசியை மூக்கில் இழுத்துப் படிக்கவைத்ததால்தான்.

ஒருமுறை தேயிலைப் பெட்டி ஏற்றிய லொறியில், மாதிரித் தேயிலை டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு அண்ணன் கொழும்புக்குப் போனார். திரும்பி வந்தவர் சாப்பிட உட்கார்ந்தும் சோற்றில் கை வைக்கவில்லை.

“தங்கச்சி, நீளமா ஒரு மேசை. வரிசையாக் கிண்ணத்துல சாயத்தண்ணி. வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு ஐயா ஒவ்வொண்ணையும் ஒரு வாய் உறிஞ்சி, பானையில துப்புறாருடி.”

“துப்புறதுக்கா இவ்வளவு பாடு?” என்றார் அம்மா.

“ஆமாம்மா. துப்பிட்டு அவரு சொல்ற ஒரு சொல்லுலதான் வெலை ஏறுது, எறங்குது. அந்தக் காசுலதான் கவர்மெண்டே கப்பல்ல அரிசி எறக்குதாம்!”

அம்மா நம்பவில்லை. அண்ணனுக்கோ அந்த வியப்பு கடைசிவரை அடங்கவில்லை. நாடு சுதந்திரம் பெற்ற கையோடு, இந்திய வம்சாவளியினர் என்று எங்கள் குடியுரிமையும் ஓட்டும் பறிபோயிருந்தன. எந்த அரசியல்வாதியும் எங்கள் லயத்துப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார். அப்படிப்பட்ட எங்கள் கைக்கொழுந்திலா ஒரு நாட்டின் சோறு வேகிறது என்று மாய்ந்து மாய்ந்து சொல்லுவார்.

பிறகு ஒரு வருஷம் தேயிலை விலை இறங்கியது. சீமையிலிருந்த கம்பெனி செலவைக் குறைக்கச் சொல்ல, தோட்டத்துத் துரை வயதான பெண்களின் பேரை வெட்டி, இந்தியாவுக்கு அனுப்பிவிடுவதென்று முடிவெடுத்தார். எங்கள் தோட்டங்களில் ‘பேர்’ என்றால் ஒரு நாள் வேலை, அதற்கான சம்பளம். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். பேரை வெட்டிவிட்டால் வேலையே கிடையாது. வெட்டப்படவிருந்தவர்களில் அம்மாவும் ஒருவர். அம்மாவோ இந்த மண்ணில் பிறந்தவர். இந்தியாவைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. அங்கே யார் வீட்டு வாசலில் போய் நிற்பார்? நான் அழுதுகொண்டே இருந்தேன்.

அண்ணன் அழவில்லை. லயம் லயமாகப் போனார். “நல்ல மழை பேஞ்சு கொழுந்து வந்திருக்கு. யாரும் மலைக்குப் போகாதீங்க. முத்தட்டும். முத்துனா தேயிலைக்கு ஆகாது” என்றார். மறுநாள் காலை பெரட்டுக்களத்தில் வேலை பிரித்துக்கொடுக்க, மேற்பார்வையாளரான கண்டாக்கு ஐயா வந்து நின்றார். வேலைக்கு ஒருவரும் வரவில்லை. ஐயோ, அந்தப் பட்டினி! கீரையும் வெறுந் தேத்தண்ணியும்தான். மலை முழுக்கக் கொழுந்து முத்தியது. ஸ்டோர் மெஷின்கள் சத்தமின்றிக் கிடந்தன. அப்புறம் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் புல்லரிக்கிறது. ஓட்டில்லாத எங்களைத் தேடி அரசாங்கத்துக் கார் மலையேறி வந்தது!

வந்த அதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர், தன்மையானவர். துரையின் ஒப்பீசில் அம்மாவைப் பார்த்து, “அம்மா, உங்கட பேர் என்ன?” என்று கேட்டார்.

அம்மா பதறிப்போய், “கடைசியா அரைப்பேருதாங்க சாமி. ஆனா நான் கூடை நெறையத்தாங்க எடுத்தேன்” என்றார்.

அதிகாரி விழித்தார். வாசலில் நின்ற எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அண்ணன்தான் முன்னே போய், “ஐயா, எங்களுக்குப் பேருன்னா வேலைங்க. அதை வெட்டிட்டா, நீங்க கேட்ட பேரை வச்சுக்கிட்டு எங்கம்மா என்னங்க செய்வாங்க?” என்றார். அதிகாரி பேனாவை மூடிவிட்டுத் துரையிடம் இங்கிலீசில் நெடுநேரம் பேசினார். அன்று மாலையே, ஒருவர் பேரும் வெட்டப்படாது என்று சொல்லிவிட்டார்கள்.

“அந்த ஐயா மனசு வச்சாரு” என்று அம்மா அவருக்காக விளக்கேற்றிக் கும்பிட்டார். அண்ணன் சிரித்தார். “நல்லவருதாம்மா. ஆனா அவரை மலையேத்தி விட்டது யாரு? முத்திப்போன கொழுந்து!”

அந்தத் தேயிலையின் தூசியே அண்ணனின் நெஞ்சை அரித்தது. டிக்கோயா ஆஸ்பத்திரியில் மூச்சு வாங்கும்போதும் தாதிமாரைக் கேலி செய்து சிரிக்கவைத்தார். கல்யாணம் செய்துகொள்ளாமல், குடியுரிமையும் கிடைக்காமல் போய்ச் சேர்ந்தார்.

கருமாதி முடிந்த மறுநாள் விடியலில் அம்மா கூடையை எடுத்தார். “இன்னைக்கா?” என்று நான் கத்தினேன்.

“எம்மகன் எனக்குப் புடிச்சு வச்ச வேலைடி. போகாம எப்படி?” என்று படியிறங்கிவிட்டார்.

அண்ணனைத் தோளில் சுமந்தவர்களுக்கும், ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டவர்களுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டியவர்களுக்கும் கைகூப்புகிறோம். கருமாதிக்கு மறுநாள் மலையில் அம்மா ஒரு கொழுந்துகூடக் கிள்ளவில்லையாம். செடியைப் பிடித்துக்கொண்டு அழுதபடியே நின்றாராம். ஆனால் சாயங்காலம் நிறுக்கும்போது அவர் கூடை நிறைந்திருந்தது. ஆளுக்கொரு கைப்பிடியாய் அதில் போட்ட அக்காமாரே, தங்கைமாரே, உங்களில் பலருக்கு அன்று எடை குறைந்து பாதிச் சம்பளமே விழுந்ததென்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது.