தரணிதரன் சார் பூட்டிய கம்ப்யூட்டர்

சுகுணா, மலைமேல் குண்டனி நாடு என்கிற ஊர்ப்பகுதியில் மிளகும் மரவள்ளியும் போடுகிற குழந்தைசாமியின் மகள். கம்ப்யூட்டர் டிப்ளமோவுக்காக இரண்டு வருடம் பஸ்ஸில் மலை இறங்கி ஏறியவள். வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துப் படித்த கதையைச் சிரித்துக்கொண்டே சொல்வாள். எங்கள் மிளகு விவசாயிகள் சங்கத்தில் ஐந்து வருடமாகக் கம்ப்யூட்டர் அவள் பொறுப்பு. நான் பூபதி, அங்கே மூட்டை எடை போடுகிறவன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

போன தை மாதம் கீழேயிருந்து தரணிதரன் என்று ஒரு மேலாளர் வந்து சேர்ந்தார். சேலத்தில் ஒரே ஒரு நாள் கம்ப்யூட்டர் பயிற்சிக்குப் போனவர். அந்த ஒரு நாளை வைத்துக்கொண்டு அவர் அடித்த அலட்டல் இருக்கிறதே, அப்பப்பா! ஒரு மத்தியானம் மிளகுக்கொடி வாடல் நோய் பற்றிய வீடியோவை நாலு விவசாயிகளுக்குச் சுகுணா போட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். வந்து நின்றார் மகராசன்.

"ஏம்மா, இதென்ன சினிமாக் கொட்டாயா? இனிமே என் அனுமதி இல்லாம சிஸ்டத்துல கை வைக்கக் கூடாது."

"கொடி வாடுதுன்னு கேட்டாங்க சார்..."

"கேக்கறவங்க ஆயிரம் கேப்பாங்க."

'என் அனுமதி இல்லாமல் கை வைக்கக் கூடாது' என்பதைக் கொட்டை எழுத்தில் அச்சடித்து, கம்ப்யூட்டருக்கு மேலே சுவரில் ஒட்டினார். அதோடு விட்டாரா? எந்தப் புரோகிராம் ஓடலாம், எது ஓடக்கூடாது என்று விதி வைக்கிற இடம் ஒன்று உண்டாம், குரூப் பாலிசி என்று பெயர். அதற்குள் போய், எக்செல்லைத் தவிர வேறு எதுவும் ஓடக்கூடாது என்று விதி வைத்தார். பென்டிரைவையும் அடைத்தார். பெரிய கோட்டையைப் பிடித்த மாதிரி மீசையைத் தடவிக்கொண்டு டீ குடிக்கப் போனார்.

மறுநாள் இயற்கை விவசாயச் சான்றிதழுக்கு எங்கள் விவசாயிகளின் பட்டியலை அனுப்பக் கடைசி நாள். மாலை ஐந்து மணி வரைதான் நேரம். இன்டர்நெட் திறக்கவில்லை. சரி, விதியை எடுத்துவிடலாம் என்றால் குரூப் பாலிசியும் திறக்கவில்லை, அதுவும் எக்செல் இல்லையே! 'கட்டுப்பாடுகள் உள்ளன, நிர்வாகியை அணுகவும்' என்றது திரை. அந்த நிர்வாகியே இந்தப் புண்ணியவான்தான். தன்னைத் தானே எப்படி அணுகுவது என்று தெரியாமல் திருதிருவென்று விழித்தார்.

விழித்தவர் சும்மா இருந்தாரா? எங்கள் எதிரிலேயே மேலாபீசுக்குப் போன் போட்டார்.

"இங்க ஒரு பொண்ணு கண்டதையும் தட்டிக் கெடுத்துட்டா சார். அஞ்சு மணிக்குள்ள பட்டியல் போகலைன்னா நாளையிலிருந்து அவளை நிறுத்திடறேன்."

மலையில் இருந்துகொண்டே அவள் படிப்புக்குப் பார்க்க முடிகிற வேலை இது ஒன்றுதான். போனால் திருப்பூர் பனியன் கம்பெனிதான் கதி.

"அழுவாத கண்ணு. பூட்டுனவன் அழட்டும்" என்றேன், அவர் காதில் விழும்படியே.

"நான் எங்கீங்ண்ணா அழுவறேன்?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரிடம் திரும்பினாள். "இப்பக் கை வைக்கலாங்களா சார்?"

"வை, வை, சீக்கிரம்!"

குரூப் பாலிசியைத் திறக்கிற புரோகிராமுக்கு ஒரு நகல் எடுத்தாள். அந்த நகலுக்கு எக்செல்லின் பெயரை வைத்தாள். அமுக்கினாள். திறந்துகொண்டது! உள்ளே போய், அவர் வைத்த விதிகளைத் தேடி எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். எல்லாம் பழையபடி ஓடியது.

"எப்படி கண்ணு?"

"அது பேரை மட்டுந்தாங்க பாக்குது. உள்ளார வாரது யாருன்னு பாக்கறதில்லீங்க."

நாலு நாற்பதுக்குப் பட்டியல் போய்விட்டது.

அவள் வேலை தப்பியது. ஆனால் 'ஊழியர் செய்த கோளாறு என் தனி முயற்சியால் சரிசெய்யப்பட்டது' என்று அந்த வெட்கங்கெட்ட மனுஷன் எழுதி அனுப்பினார். மேலாபீசும் நம்பி, ஒரே மாதத்தில் அவரைக் கீழே பெரிய ஆபீசுக்கு மேலாளராக்கியது. நான் கத்தித் தீர்த்தேன். சுகுணா தன் பாட்டுக்கு எடைக் கணக்கை ஏற்றிக்கொண்டிருந்தாள்.

போன வாரம் அவரிடமிருந்து போன் வந்தது. நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"சுகுணாம்மா, நல்லா இருக்கியாம்மா? இங்க பன்னெண்டு சிஸ்டத்துலயும் எக்செல் மட்டுந்தான் ஓடுது. நாளைக்குப் பெரிய சார் வர்றாரு. அன்னைக்கு நீ என்னம்மா பண்ணே?"

சுகுணா நிமிர்ந்து பார்த்தாள். சுவரில் அந்தக் கொட்டை எழுத்துக் காகிதம் இன்னும் இருந்தது. அதை ஏன் கிழிக்காமல் வைத்திருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"உங்க அனுமதி இல்லாம நான் எதுலயும் கை வைக்கறதில்லீங்க சார். நிர்வாகியைக் கேட்டுப் பாருங்க" என்று சொல்லிப் போனை வைத்தாள்.