ரெண்டு நிமிச பாய்

சங்கரன்கோவிலில் பீர் மைதீன் என்று விசாரித்தால் நாலு பேரைக் காட்டுவார்கள். ரெண்டு நிமிச பாய் என்று விசாரித்தால் ஒரே ஆள்தான். அந்தப் பட்டப்பெயரை வைத்தவன் நான். இன்றைக்கு அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

என் பெயர் துரைப்பாண்டி. ராஜபாளையம் ரோட்டில் டிராக்டர் டிரெய்லர் செய்கிற பட்டறை வைத்திருக்கிறேன். பொறுமை என்பது என் உடம்பில் எந்த இடத்திலும் கிடையாது. ஓட்டலில் தோசை வர நேரமானால் எழுந்து போய்விடுவேன். "ஒங்களுக்கு அடுப்பு மேலேயே எலையப் போடணும்" என்பாள் என் பொண்டாட்டி பேச்சித்தாய்.

பாய் கடையநல்லூர்க்காரர். பதினேழு வருஷம் வளைகுடா நாட்டில் ஒரு கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். அங்கே அவருக்கு ஒரே வேலைதான், பாரம் தூக்குவது. திரும்பி வந்தபிறகு மனைவி ரைஹானாவின் ஊரான இங்கேயே தங்கிவிட்டார். விசைத்தறியை ஒரு கூடத்திலிருந்து இன்னொரு கூடத்துக்கு மாற்ற வேண்டுமா, லாரி இன்ஜினை இறக்க வேண்டுமா, கிணற்றடியில் மோட்டாரை உட்கார வைக்க வேண்டுமா, பாயைத்தான் கூப்பிடுவார்கள். அவருடைய முதல் என்பது லீவர் பிளாக் இரண்டு. ஒன்று ஒன்றரை டன் தூக்கும், இன்னொன்று முக்கால் டன்.

பார்த்தால் பெரிய சாமானாகத் தெரியாது. மேலே ஒரு கொக்கி, கீழே சங்கிலி முனையில் ஒரு கொக்கி, நடுவில் பலாக்கொட்டை மாதிரி ஒரு இரும்பு உடம்பு, அதில் முழங்கை நீளத்துக்கு ஒரு கைப்பிடி. கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டினால் கட்கட்டென்று சத்தம் வரும், சங்கிலி ஒவ்வொரு கண்ணியாக ஏறும். கரண்டு வேண்டாம், டீசல் வேண்டாம். ஒற்றை ஆள் உட்கார்ந்துகொண்டு ஒரு தறியையே தரையை விட்டுக் கிளப்பிவிடலாம். பெரிய பிளாக்கை ஒரு மரப்பெட்டியில் போட்டு என் பட்டறையில்தான் வைத்திருந்தார். சின்னது எப்போதும் அவருடைய ஸ்கூட்டரில் இருக்கும்.

எனக்கு எரிச்சல் வருவது அவர் அதை வெளியே எடுக்கும்போது. காலையில் ஒரு வேலைக்கு எடுத்திருப்பார், மத்தியானம் இன்னொரு வேலைக்கு எடுத்தாலும் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பார். சங்கிலியை இரண்டு விரலுக்கு நடுவே விட்டு, கீரை ஆய்கிற மாதிரி, கண்ணி கண்ணியாகத் தடவிப் பார்ப்பார். கொக்கியின் வாயை மூடுகிற சின்ன நாக்கு தானாகத் திரும்பி வந்து விழுகிறதா என்று தட்டிப் பார்ப்பார். கொக்கியில் இரண்டு புள்ளி குத்தி வைத்திருப்பார். அந்தப் புள்ளிகளுக்கு நடுவே கவராயத்தை வைத்து அளப்பார். இடைவெளி கூடியிருந்தால் கொக்கி வாய் பிளக்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தமாம். ஒரு தடவை, என் கண்ணுக்குப் புத்தம்புதிதாகத் தெரிந்த ஒரு கொக்கியை என் கேஸ் கட்டரிலேயே இரண்டாக அறுத்துப் போட்டார். பழைய இரும்புக்குப் போனால் வேறு எவனாவது எடுத்து மாட்டிவிடுவான் என்று பயம் அவருக்கு.

அதற்கப்புறம் பாரத்தை நாலு விரல்கடை தூக்கிவிட்டு, கைப்பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சும்மா நிற்பார். "ரெண்டு நிமிசம் பொறுங்க அண்ணாச்சி" என்பார். பாரம் அப்படியே நிற்கிறதா என்று பார்ப்பாராம். அந்த இரண்டு நிமிஷத்தில் நான் இரண்டு டீ குடித்துவிட்டு, பாயை நாலு வார்த்தை கிண்டலும் பண்ணிவிடுவேன். அவர் சிரிப்பாரே தவிர, ஒரு நிமிஷம்கூடக் குறைத்ததில்லை.

போன வருஷம் ஆயுதபூஜைக்குப் பட்டறையைக் கழுவினோம். லேத், டிரில்லிங் மிஷின், வைஸ் எல்லாவற்றையும் துடைத்து, எண்ணெய் போட்டு, சந்தனம் குங்குமம் வைத்தோம். பாய் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்காகக் கடையநல்லூர் போயிருந்தார். மரப்பெட்டியைத் திறந்து பார்த்தேன். பெரிய பிளாக் காய்ந்துபோய்க் கிடந்தது. எல்லாம் மினுமினுவென்று இருக்கும்போது பாயுடைய பொருள் மட்டும் இப்படிக் கிடக்கிறதே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. எடுத்து மண்ணெண்ணெயில் கழுவி, கைப்பிடி ஓரத்து இடுக்கு வழியாக நல்லெண்ணெயை ஊற்றினேன். அடியில் சொட்டுகிறவரைக்கும் ஊற்றினேன். சந்தனமும் வைத்தேன். பிரியத்தோடு செய்த காரியம் அது.

நாலாம் நாள் காலை பதினொரு மணி இருக்கும். என் தம்பி இசக்கிராஜா ஒரு டிரெய்லருக்கு அடியில் படுத்து வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தான். அப்பா போனபிறகு நான் வளர்த்த பிள்ளை அவன், அடுத்த தை மாதம் கல்யாணம் பேசியிருந்தோம். டிரெய்லரின் முன்பக்கம் ஜாக்கி மேல் நின்றது. தாங்கலுக்கு ஸ்டாண்டு வைத்துவிட்டு உள்ளே போகிறேன் என்றுதான் சொன்னான். "ஏலே, மொதல்ல வெல்டிங்க முடி, ஸ்டாண்டு பொறவு வைக்கலாம்" என்றவன் நான்.

ஜாக்கி சாய்ந்தது. முன்பக்கத்துக் குறுக்குச் சட்டம் அவன் தொடைமேல் வந்து உட்கார்ந்துவிட்டது.

லேத் ஓட்டுகிற சங்கரசுப்பு, நான், பக்கத்துக் கடைக்காரர்கள் என்று எட்டுப் பேர் தோள் கொடுத்துத் தூக்கினோம். ஒரு பக்கம் ஏறியது, மறுபக்கம் அவன் வயிற்றை நோக்கி நகர்ந்தது. "அண்ணே, விட்ருங்க, விட்ருங்க" என்று கத்தினான். விட்டுவிட்டோம். ஆம்புலன்சுக்குச் சொல்லியாகிவிட்டது. கிரேன் பனவடலிசத்திரத்தில் நின்றது, வர முக்கால் மணி நேரமாகும் என்றார்கள்.

மரப்பெட்டியிலிருந்து பெரிய பிளாக்கை எடுத்தேன். பாய் செய்வதை எத்தனை நாள் பார்த்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா? மேலே கூரையின் இரும்புக் கர்டரில் மாட்டி, கீழ்க்கொக்கியைச் சட்டத்தில் கோர்த்து, கைப்பிடியை வெறி பிடித்தவன் மாதிரி ஆட்டினேன். இரண்டு விரல்கடை ஏறியது. "இழுங்கலே அவன" என்று கையை எடுத்தேன். ஏறின டிரெய்லர் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கி, மறுபடியும் அவன் தொடைமேல் உட்கார்ந்தது. தம்பி போட்ட சத்தத்தை என்னால் எழுத முடியாது. இன்னொரு தடவை ஏற்றினேன். மறுபடியும் இறங்கியது.

அப்போதுதான் பாய் வந்தார். அன்று காலையில்தான் ஊரிலிருந்து திரும்பியிருந்தாராம், சங்கரசுப்பு போன் பண்ணியிருக்கிறான். வாசல்வரைக்கும் ஓடிவந்தவர், உள்ளே வந்ததும் நடந்தார். முதலில் தம்பி பக்கம் குனிந்தார். "தம்பி, மூச்சு நல்லா வருதா? அந்தக் கால் வெரல அசைங்க பாப்போம்" என்றார். விரல் அசைந்தது. அடுத்து பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல்லை வைக்கச் சொன்னார். அதற்குப் பிறகுதான் பிளாக்கைப் பார்த்தார். அதன் ஓரத்தில் விரலை வைத்து, மூக்கில் வைத்துப் பார்த்தார்.

"நல்லெண்ணெயா அண்ணாச்சி?"

"பூசைக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"செயினுக்குத்தான் எண்ணெய் போடணும். உள்ள பிரேக் இருக்கு, அதுல எண்ணெய் பட்டா புடிக்காது, வழுக்கிரும்" என்றார். கோபமே இல்லை. பெரிய பிளாக்கைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஸ்கூட்டரிலிருந்து சின்னதை எடுத்துவந்தார்.

"இது காணுமா பாய்?" என்றான் சங்கரசுப்பு.

"முழு வண்டி ஒரு டன்னு இருக்கும். நாம கெளப்பப் போறது மூக்க மட்டும்தான். பின்பாரத்தச் சக்கரம் தாங்கிக்கிடும். இது போதும்."

சொல்லிவிட்டு அவர் செய்தது என்ன தெரியுமா? சங்கிலியை இரண்டு விரலுக்கு நடுவே விட்டு, முதல் கண்ணியிலிருந்து தடவ ஆரம்பித்தார்.

பாய்ந்துபோய் அவர் சட்டைக் காலரைப் பிடித்தேன். "எந்தம்பி சாகுதான் வே! இப்பவுமா ஒமக்கு ரெண்டு நிமிசம்? ஒந்தம்பியா இருந்தா இப்பிடி நிப்பியா?" என்று கத்தினேன். அவர் என் கையைத் தட்டிவிடவில்லை. கழுத்து என் பிடியில் இருக்க, அவர் விரல்கள் மட்டும் ஒவ்வொரு கண்ணியாகப் போய்க்கொண்டே இருந்தன. கடைசிக் கண்ணிவரைக்கும் போய், கொக்கியின் நாக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "முடிஞ்சுது அண்ணாச்சி, கைய எடுங்க" என்றார். என் கை தானாக விழுந்தது.

அதற்கப்புறம் அங்கே அவர் குரல் மட்டும்தான் கேட்டது. சட்டத்தைச் சுற்றிப் பாரம் கட்டுகிற பெல்ட்டைப் போட்டார், கூரான ஓரத்தில் பெல்ட் அறுபடாமல் சாக்கை மடித்து வைத்தார். கொக்கி பாரத்துக்கு நேர் மேலே வருகிற மாதிரி கர்டரில் மாட்டினார். "ஒரு வெரக்கடை ஏறினா ஒரு பலகை. கைய உள்ள விடாதிய, கம்பால தள்ளுங்க" என்றார். பிஸ்மில்லா சொல்லிக் கைப்பிடியைப் பிடித்தார். சங்கிலி விறைத்தது. டிரெய்லர் ஒரு நூல் கிளம்பியது. பாய் கையை எடுத்தார்.

எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றோம். டிரெய்லர் அப்படியே நின்றது. வழுக்கவில்லை, மயிரிழைகூட இறங்கவில்லை. இத்தனை வருஷமாக எதற்காக அவர் அப்படி நிற்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கட்... கட்... என்று ஏறியது. முதல் பலகை, இரண்டாவது பலகை, மூன்றாவது. திடீரென்று கைப்பிடி இறுகியது. பாய் அழுத்திப் பார்த்தார், வரவில்லை. நான் ஓடிப்போய் ஒரு இரும்புக் குழாயை எடுத்துவந்தேன், கைப்பிடியில் செருகி நாலு பேர் தொங்கினால் வராமலா போகும் என்று.

"வேண்டாம்" என்றார். "ஒருத்தன் கைக்கு வரல்லன்னா அது வண்டிக் கனம் இல்ல அண்ணாச்சி. வேற எதோ புடிச்சிருக்கு."

தரையோடு தரையாகப் படுத்துப் பார்த்தார். டிரெய்லரை டிராக்டரோடு இணைக்கிற வளையம், மூக்கு நுனியில் இருக்குமே, அது என் வைஸ் மேஜைக் கால்களின் குறுக்குக் கம்பிக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. மேஜை தரையில் போல்ட் போட்டு இறுக்கினது. எட்டுப் பேர் சுற்றி நிற்கிறோம், ஒருத்தன் கண்ணிலும் படவில்லை. கைப்பிடி சொன்னது அவர் உள்ளங்கைக்குக் கேட்டிருக்கிறது. குழாயைப் போட்டு நாங்கள் தொங்கியிருந்தால் ஒன்று சங்கிலி அறுந்திருக்கும், இல்லையென்றால் மேஜை பிய்ந்து டிரெய்லர் தம்பி நெஞ்சுமேல் தாவியிருக்கும்.

பாரத்தை மெல்ல இறக்கிப் பலகைமேல் உட்கார வைத்தார். சங்கரசுப்பு ஸ்பேனரைப் போட்டு போல்ட்டைக் கழற்றினான், மேஜையை நகர்த்தினோம். பாய் மறுபடியும் கைப்பிடியைப் பிடித்தார். இப்போது அது வெண்ணெயாக வந்தது. நாலாவது பலகை, ஐந்தாவது பலகை. "இப்ப இழுங்க, தோளப் புடிச்சு, நேரா" என்றார். தம்பி வெளியே வந்தான்.

பனவடலிசத்திரம் பக்கம் காற்றாலை இறக்கையைக் கிரேன் வானத்துக்குத் தூக்குவதைப் பார்த்து வாயைப் பிளந்திருக்கிறேன். அதெல்லாம் ஒன்றுமே இல்லை. நரைத்த தாடியும் தொப்பையுமாக ஒரு மனுஷன், ஒற்றைக் கையால், காலரைப் பிடித்தவனுடைய தம்பியைத் தூக்கிக் கொடுத்ததை நான் பார்த்தேன். என் வாழ்நாளில் அதைவிடப் பெரிதாக ஒன்றைப் பார்ப்பேன் என்று தோன்றவில்லை. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் டாக்டர், தொடை எலும்பு முறிந்திருக்கிறது, கால் தப்பித்தது, இன்னொரு தடவை அமுங்கியிருந்தால் காலை மறந்திருக்க வேண்டியதுதான் என்றார்.

மூன்றாம் நாள் ஊருக்கு வந்தேன். பட்டறையில் பாய் பேப்பரை விரித்து, பெரிய பிளாக்கைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எண்ணெய் குடித்த பிரேக் தட்டுகளைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். துடைத்தால் போகாதாம், புதிதுதான் மாற்ற வேண்டுமாம். நான் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தேன்.

"சட்டையப் புடிச்சிட்டேன் பாய். மன்னிச்சிருங்க. எண்ணெய ஊத்தினவனும் நான், ஸ்டாண்ட வேண்டாம்னவனும் நான். கடைசியில ஒங்க கழுத்தப் புடிக்கேன். ஒங்களுக்குக் கோவமே வரல்லியா?"

பாய் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"அங்கன, கப்பல் பட்டறையில, எம் மச்சினன் யூசுப்பு ஒரு இரும்புத் தகட்டுக்கு அடியில மாட்டிக்கிட்டான். ரைஹானாவுக்கு இருந்த ஒரே தம்பி. நாந்தான் விசா எடுத்துக் கூட்டிட்டுப் போனேன். பிளாக் ஒரு வயசான மலையாளி கையில இருந்துச்சு. செயினப் பாத்துட்டுத்தான் மாட்டுவேன்னாரு. நான் அவரு சட்டையப் புடிச்சு உலுக்கினேன் அண்ணாச்சி. நீங்க கேட்டியளே, அதே வார்த்தையத்தான் கேட்டேன், ஒந்தம்பியா இருந்தா இப்பிடி நிப்பியான்னு."

"பொறவு?"

"அவரு எம் பேச்சக் கேட்டுட்டாரு."