நவமணி அக்காவின் குடை

மடிக்கணினியைத் திறப்பதற்கு முன் இருளப்பன் இரண்டு கைகளையும் சட்டையில் தேய்த்து, விரல் நுனிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொள்வார். காலமெல்லாம் கார்களுக்குப் பெயிண்ட் அடித்த கை. காயாத பெயிண்ட்டில் ஒரு விரல் பட்டுவிட்டால் அன்றைய வேலை மொத்தமும் வீண் என்று பழகிப்போனவர். பட்டறையிலிருந்து ஓய்வு பெற்று வருஷங்களாகியும் அந்தப் பயம் மட்டும் ஓய்வு பெறவில்லை. பிறகுதான் சுட்டெலியைத் தொடுவார், அதுவும் ஒரு விரலால்.

பீடோங்கில் கல்யாண அட்டையும் பேனரும் அச்சடிக்கும் பேட்ரிசியாவின் கடைக்கு, கூட்டம் ஓய்ந்த மத்தியான நேரம் பார்த்து வருவார். கணினி, கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் வேலை பார்க்கும் மகள் வாசுகி தனக்குப் புதிது வாங்கியதும் அப்பாவிடம் தள்ளிவிட்டது. அதைத் துண்டில் சுற்றி மோட்டார் சைக்கிள் கூடையில் வைத்து, புக்கிட் செலம்பாவிலிருந்து மேடு பள்ளம் பார்த்து ஓட்டிக்கொண்டு வருவார்.

"தங்கச்சி, சிபுக்கா? வேல இருந்தா அப்புறம் வர்றேன். இல்லேன்னா ஒரே ஒரு கேள்விலா."

அந்த ஒரே ஒரு கேள்வி சாயங்காலத் தேத்தண்ணி வரைக்கும் நீளும் என்பது பேட்ரிசியாவுக்குத் தெரியும். தெரிந்தும் நாற்காலியை இழுத்துப் போடுவாள். தேவாலயத்தின் வாராந்திரத் தாளை அவள்தான் வடிவமைக்கிறாள். பொறுமை அங்கே பழகியது.

படத்தைத் திருத்தும் மென்பொருளில் இருளப்பனுக்கு நன்றாகத் தெரிந்தவை இரண்டு. ஒன்று, அழிப்பான். இன்னொன்று, செய்ததை ரத்து செய்யும் பொத்தான். வண்டியைப் பின்னால் எடுப்பதற்கு இங்கே எல்லாரும் சொல்லும் சொல்லையே அதற்கும் வைத்துவிட்டார். "கோஸ்தான் எங்க? கோஸ்தான காணோம்" என்று பதறுவார். அழிப்பானால் எதையாவது தேய்த்து முடித்ததும் குனிந்து திரையை ஊதுவார். மணல்தாள் போட்டுத் தேய்த்த இடத்தில் தூசியை ஊதிய பழக்கம். பேட்ரிசியா முதலில் சிரித்தாள். இப்போது சில சமயம் அவளே ஊதிவிடுகிறாள்.

இந்த வயதில் இவ்வளவு பாடு ஒரே ஒரு படத்துக்காக. பழைய ரப்பர் தோட்டத்து ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை ஒன்றுகூடுகிறார்கள். அதற்கு வாசலில் கட்டும் பேனர் இருளப்பன் பொறுப்பு. பேனரில் போடுவதற்கு, அந்தக் காலத்தில் தோட்டத்துக் கணக்கு எழுதிய கிராணி வீட்டு ஆல்பத்திலிருந்து ஒரு கறுப்பு வெள்ளைப் படம் கிடைத்தது. திருவிழாவன்று உச்சி வெயிலில் கோயிலுக்கு முன்னால் தோட்டமே திரண்டு நிற்கிறது. அத்தனை பேரும் கண் கூசி முகம் சுளித்திருக்கிறார்கள். வலது ஓரத்தில் ஒரு குடை. குடையின் கிழிந்த இடத்தில் மாவு மூட்டைத் துணி வைத்துத் தைத்த வெள்ளை ஒட்டு. அதைப் பார்த்த அன்று இருளப்பன் சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டார். அது நவமணி அக்காவின் குடை.

அம்மா இல்லாத வீட்டில் அவரை வளர்த்தவள் அக்கா. விடியுமுன் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போய்விட்டு வந்து, அந்தப் பால் வாடை மாறாத கையால் அவருக்குத் தலை வாரிவிடுவாள். கல்யாணம் ஆகுமுன் காய்ச்சலில் போய்விட்டாள். ஆகவே கல்யாணப் படம் இல்லை. அடையாள அட்டையில் ஒரு படம் இருந்தது. இறப்பைப் பதியப் போனபோது அதையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள், அது சட்டம். இப்போதெல்லாம் அவள் முகத்தை நினைத்துப் பார்த்தால் குரல்தான் வருகிறது, முகம் வருவதில்லை. யாரிடமும் சொல்லாத இந்தப் பயத்தை பேட்ரிசியாவிடம் மட்டும் ஒரு நாள் சொன்னார்.

குடையை எடுத்துவிட்டால் பின்னால் முகம் இருக்கும் என்பது அவர் நம்பிக்கை. சிரிக்காதீர்கள், அவர் பிழைப்பே அப்படி. சிவப்புக் காரைத் தேய்த்தால் நீலம் வரும், நீலத்தைத் தேய்த்தால் கம்பெனியில் அடித்த முதல் வெள்ளை வரும். அடியில் இருந்தது எங்கேயும் போய்விடாது. அடுக்கு அடுக்காக வைத்துத்தான் இந்த மென்பொருள் வேலை செய்கிறது என்று பேட்ரிசியா சொன்னபோது, "அதான் எனக்குத் தெரியுமேலா!" என்று மேசையைத் தட்டினார்.

ஒரு மத்தியானம் முழுக்கக் குடையைத் தேய்த்தார். ஊதினார். முகம் வரவில்லை. சாம்பலும் வெள்ளையுமாகக் கட்டம் கட்டமாக வந்தது.

"அலாமாக், என்னாம்மா இது? கைலித் துணி மாதிரி கட்டம் வருது. அக்கா கைலி கட்டாதும்மா."

"அண்ணே, அது ஒண்ணும் இல்லாத இடம்ணே. படம் புடிச்சப்போ கேமராவுக்குத் தெரியாதது அதுக்குள்ள இருக்காது."

அவர் அந்தக் கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பேட்ரிசியாவுக்கு மனசு கேட்கவில்லை. இப்போதெல்லாம் கேட்டால் கணினியே முகம் வரைந்து தருகிறதே என்று, இருளப்பனின் முகத்தையும் கொடுத்து, குடை இருந்த இடத்தில் ஒரு பெண்ணை வரவழைத்தாள். அடர்ந்த புருவம், நெற்றியில் பொட்டு, வரிசைப் பல். வெயிலிலும் சுளிக்காத முகம்.

இருளப்பன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"அழகா இருக்காங்க. யாரும்மா இவங்க?"

பேட்ரிசியாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "மன்னிச்சிருங்கண்ணே" என்றாள்.

"நீ என்னா பண்ணுவ. நல்லதுக்குத்தான செஞ்ச." அவரே ஒரு விரலை நீட்டி கோஸ்தானை அழுத்தினார். அந்தப் பெண் போனாள். இன்னும் அழுத்தினார். கட்டங்கள் போயின. வெள்ளை ஒட்டுப் போட்ட குடை திரும்பி வந்தது. அவருக்கு மூச்சும் திரும்பி வந்தது.

"குடை புடிச்ச கையாச்சும் தெரியுமா பாக்குறேன்."

"நிழலா இருக்குண்ணே. இந்தக் கோட்ட வலது பக்கமா மெல்ல இழுங்க. இருட்டா இருக்குற எடம் மட்டும் வெளுக்கும்." சொல்லிவிட்டு, வாசலில் நின்ற வாடிக்கையாளரைப் பார்க்கப் போனாள்.

அவர் இழுத்தார். குடைக்குக் கீழே மை போலக் கிடந்த நிழல் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. முதலில் கம்பைப் பிடித்த கை. கறுப்பு ரப்பர் வளையல். குடை நேராக இல்லை, முன்பக்கம் நன்றாகச் சாய்ந்திருந்தது. அவள் முகத்தை மறைத்ததே அந்தச் சாய்வுதான். இன்னும் இழுத்தார். கைக்குக் கீழே வழித்து வாரிய ஒரு தலை. பெரிய சட்டை போட்ட ஒரு பையன்.

திரும்பி வந்த பேட்ரிசியா, அவர் திரையை ஊதாமல், தொடாமல், கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருப்பதைக் கண்டாள்.

"என்னாண்ணே?"

"அன்னிக்கி நான் வெளையாட ஓடிட்டேன், படத்துல இல்லன்னுல்ல இத்தன நாளா நெனச்சிக்கிட்டு இருந்தேன்." திரையைக் கண்ணால் காட்டினார். "எல்லாம் கண்ண சுருக்கிக்கிட்டு நிக்கிதுங்க. நான் மட்டும் பாரு, முழுசா முழிச்சிக்கிட்டு நிக்கிறேன்."

பேனருக்குக் குடையோடுதான் படம் போகிறது. ஓரத்தைக் கொஞ்சம் வெட்டலாமா என்று கேட்டதற்கு, வலது ஓரத்தைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

கணினியைத் துண்டில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தவர் மோட்டாரைக் கிளப்பவில்லை. சீட்டின் மேல் வைத்துத் துண்டை அவிழ்த்து மறுபடியும் திறந்தார். மத்தியான வெயிலில் திரை கூசியது. குனிந்து, வலது ஓரத்தில் நின்ற அந்தப் பையனுக்கு மேலே, உள்ளங்கையைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டார்.