கண்ணாடிக்குள் இரண்டு தட்டு

நம்ப முடியாதவர்கள் நம்ப வேண்டாம். நம்பாமலிருக்க நானே ஆறு மாதம் படாத பாடு பட்டேன். ஆனால் நடந்தது நடந்ததுதான். 2003 நவம்பர் 8, சனிக்கிழமை, பௌர்ணமி. திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் எங்கள் ஆய்வுக்கூடம்.

ஆரம்பித்து வைத்தது என் முழங்கை. என்னோடு வேலை பார்க்கும் மதிவதனி எட்டு மாதம் பாடுபட்டு வளர்த்த நான்கு புரதப் படிகங்கள் மேஜைமேல் குளிர்குடுவையில் இருந்தன. டீயை எடுக்கப் போனேன். குடுவை சாய்ந்தது. மூன்று படிகங்கள் தரையில். உப்புக்கல்லை விடச் சின்னவை, பெருக்கி எடுக்கவும் வழியில்லை.

கீழ்பென்னாத்தூரில் காய்ச்சலோடு படுத்திருந்தவளுக்குப் போன் செய்தேன்.

"இன்னும் ஒண்ணு இருக்குல்ல?"

"இருக்கு."

"புதன்கிழமைக்குள்ள முடிவு காட்டலைன்னா என்னை அனுப்பிடுவாங்க, அறிவு. முழங்கைய வெளியில கழட்டி வச்சிட்டு வேலையப் பாரு."

வேலை இதுதான். புரதத்துக்குள் இருக்கும் கந்தக அணுக்கள் எக்ஸ்ரேயில் மிக மெல்லிய வித்தியாசம் ஒன்றைக் காட்டும். நூறில் ஒரு பங்குகூடத் தேறாது. அதைப் பிடிக்க ஒரே படிகத்தைத் திருப்பித் திருப்பி 240 படம் எடுக்க வேண்டும். படத்துக்கு மூன்று நிமிடம். மாலை ஆறு முதல் காலை ஆறு வரை. படிகம் உருகாமல் காக்கும் திரவ நைட்ரஜனும் சரியாக ஆறு வரைதான். கிரிவலக் கூட்டத்தில் வேறு வண்டி வர முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எக்ஸ்ரே பெட்டிக்குள் கை விடுகிறவர் அதன் ஈயக் கண்ணாடியை இரண்டு முறை தட்ட வேண்டும். 'கை உள்ளே இருக்கிறது, கதிரைத் திறக்காதே' என்று அர்த்தம். புது எந்திரத்தில் கதவைத் திறந்தாலே கதிர் நின்றுவிடும். ஆனாலும் எந்திரம் பார்க்கும் கவுஸ் பாஷா விடமாட்டார். தட்டாதவனை அன்றைக்கு உள்ளேயே சேர்க்கமாட்டார்.

வெளியே லட்சம் பேர் மலையைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். உள்ளே நான் ஒருவன்.

மணி 1:17. 146-வது படம்.

டக்... டக்.

எலி என்றேன், சத்தமாகவே. எலிக்கும் தைரியம் வரட்டும் என்று. ஆனாலும் கை தானாகக் கதிரை மூடியது. பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். யாருமில்லை. 1:21-க்குத் திறந்தேன். நான்கு நிமிடம் நஷ்டம்.

1:34.

டக்... டக்.

சத்தம் கண்ணாடியில்தான். உள்ளேயிருந்து.

மூடினேன். பார்த்தேன். திறந்தேன். மதிவதனியின் எட்டு மாதத்தை நினைத்துக்கொண்டேன். இனி மூடக் கூடாது.

1:52.

தட்டு நிற்கவில்லை. டக் டக்... டக் டக்... கெஞ்சுகிற மாதிரி.

கண்ணாடி மங்கியிருந்தது. அதில் ஒரு கை.

சட்டையால் துடைத்தேன். ஈரம் போனது.

கை போகவில்லை.

அது உட்பக்கம்.

கட்டைவிரல்... சுண்டுவிரல்... நடுவில் ஒன்றுமில்லை.

கதிரை மூடினேன். விடியும்வரை திறக்கவில்லை. ஆறு மணிக்கு நைட்ரஜன் தீர்ந்தது. படிகம் உருகியது.

பாதிப் படங்களை வைத்துக் கந்தகத்தைப் பிடிக்க முடியவில்லை. புதன்கிழமை மதிவதனியை அனுப்பிவிட்டார்கள். பஸ் ஏற்றிவிடப் போனேன். கை அடையாளத்தைச் சொல்லத் துணிவில்லை, தட்டியதை மட்டும் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"தட்டினதுக்கு அப்புறமும் ஓட்டியிருந்தா, உன் மூஞ்சியிலயே முழிச்சிருக்க மாட்டேன்," என்றாள்.

ஆறு மாதம் ஆளாளுக்குக் கேட்டேன். எலி என்றார்கள். குழாய் என்றார்கள். தூக்கக் கலக்கம் என்றார்கள். கவுஸ் பாஷா மட்டும் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருப்பார். ஏப்ரலில் ஒருநாள் விடாமல் பிடித்துக்கொண்டேன்.

"எத்தினி விரலு?" என்றார்.

விரல் விஷயத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை.

"ரெண்டு, பாய்."

ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"பலராமன் சார். இதே இடம், பழைய மிஷின். கதவு கிடையாது, கண்ணாடித் தடுப்புதான். கடைசிப் படிகம், உருக ஆரம்பிச்சிட்டுச்சு. அவரு உள்ள கைய விட்டு சரி பண்றாரு. நான் சுவிட்சுகிட்ட. கதிர் பட்டு வெந்த மூணு விரல ஆஸ்பத்திரியில எடுத்துட்டாங்க. மறு வருஷம் அவரே போயிட்டாரு."

"அவர் தட்டலையா?"

"தட்டினாரு."

"உங்களுக்குக் கேக்கலையா, பாய்?"

முதல்முறையாக என் கண்ணைப் பார்த்தார்.

"கேட்டுச்சு தம்பி."