சலவைக்கடைச் செக்போஸ்ட்

கால்சட்டையின் இடுப்புப் பட்டிக்குள் வலது கட்டைவிரலை விட்டு ஒரு முழுச் சுற்றுச் சுற்றுகிறார். பிறகு பக்கப் பைகள், பின்பை. மறுபடியும் கட்டைவிரல், மறுபடியும் ஒரு சுற்று. இரண்டாவது சுற்று எதற்கு என்று கேட்டால், "மொத சுத்து துணிக்கு. ரெண்டாவது எனக்கு" என்பார். ஒரு நாளைக்கு இருநூறு கால்சட்டைகள் அந்தக் கட்டைவிரலைத் தாண்டித்தான் துவைக்கப் போகின்றன. சலவைக்கடையில் அவருக்குச் செக்போஸ்ட் என்று பெயர். வைத்தவர்கள் கிண்டலுக்குத்தான் வைத்தார்கள். அவர் அதைப் பதவியாக எடுத்துக்கொண்டுவிட்டார்.

சாவி, பேனா, பஸ் டிக்கெட், பாதி தின்ற மிட்டாய் எல்லாவற்றையும் வெறுங்கையால் எடுத்து டப்பாவில் போடுவார். பெல்ட்டை மட்டும் தொடமாட்டார். வெந்நீரிலிருந்து துணி தூக்குகிற நீளமான மர இடுக்கியால் அதன் கொக்கியைக் கவ்வி உருவி, செத்த எலியைக் கொண்டுபோவது போலக் கையை நீட்டிக்கொண்டு நடந்து, சுவரில் இருக்கும் ஆணியில் மாட்டுவார். ஒன்பது வருடமாக இப்படித்தான். "பெல்ட் கெட்டுப்போச்சுன்னா ஆளுங்க சண்டைக்கு வருவாங்க" என்று காரணமும் வைத்திருந்தார். அதை அவரே நம்பிக்கொண்டும் இருந்தார்.

அந்தப் பெண்மணிக்கு வயது முப்பத்தைந்து இருக்கும். டீயை ஆறவைத்துவிட்டு, ஆறிவிட்டதே என்று அலுத்துக்கொண்டு குடிப்பார். துணியைப் பார்த்து ஆளைச் சொல்வார். முதல் நாள் என் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எழுதற வேலைங்களா? ஒரு கை மட்டும்தான் உழைச்சிருக்கு" என்றார். மறுக்க முடியவில்லை.

அவர் விழுவார். சொல்ல வந்தது இதுதான், சுற்றி வளைப்பானேன். "தரை கீழ போயிட்டே இருக்கும். கையப் பாத்தா என் கையாவே தெரியாது. யாரோ மேசை மேல மறந்து வச்சிட்டுப் போன கை மாதிரி இருக்கும்" என்பார். அதற்குப் பிறகு உடம்பு வெட்டி வெட்டி இழுக்கும், கண் இறுக மூடியிருக்கும். ஐந்து நிமிடம், சில நாள் கால் மணி நேரம். பார்த்தவர்கள் எல்லோரும் வலிப்பு என்றார்கள். டாக்டரும் வலிப்பு என்றார். ஏழு வருடம் மாத்திரை சாப்பிட்டார். மாத்திரை எதுவும் செய்யவில்லை என்று சொல்லிவிட முடியாது. நன்றாகத் தூக்கம் வந்தது. அந்தத் தூக்கத்துக்கு நடுவே விழுவதும் நடந்துகொண்டிருந்தது.

போன வருடம் இன்னொரு டாக்டரிடம் போனார். அந்த அம்மாள் இவர் தலை முழுவதும் ஒயர்களை ஒட்டி, எதிரே ஒரு கேமராவையும் வைத்து, மூன்று நாள் படுக்கவைத்தார். இரண்டாம் நாள் ஒரு நர்ஸ் கொண்டுவந்த தட்டு கட்டில் கம்பியில் இடித்தது. அவ்வளவுதான், வந்துவிட்டது. உடம்பு அத்தனை இழுத்தும், வலிப்பு நோயில் மூளைக்குள் ஓடுகிற அலை ஒன்றுகூட ஓடவில்லை.

"வலிப்பு நோய் இல்லம்மா" என்றாராம் டாக்டர்.

"அப்ப நான் நடிக்கிறேனா?"

"இல்ல. விழறது நிஜம். தாங்க முடியாதது ஒண்ணு வந்தா, அந்த இடத்துலயே இருந்துக்கிட்டு இல்லாமப் போயிட உங்க உடம்பு சின்ன வயசுலயே கத்துக்கிச்சு. ஆபத்து போயிடுச்சுன்னு அதுக்கு யாரும் இன்னும் சொல்லல."

நடிக்கவில்லை என்று சொன்ன அந்த 'இல்ல'வைக் கேட்பதற்காகவே மறுபடி இரண்டு தடவை பஸ் ஏறிப் போனதாகச் சொன்னார். இரண்டு தடவையும் டாக்டர் அதையே சொன்னாராம்.

ஒவ்வொரு தடவையும் விழுவதற்கு முன்னால் என்ன நடந்தது என்று கூட இருப்பவர்களிடம் கேட்டு வரச் சொல்லியிருந்தார் டாக்டர். இஸ்திரி போடுகிற அக்காவிடம் கேட்டார். நீள விரிப்புகளை இவரோடு எதிரெதிரே நின்று மடிப்பவர் அவர்தான். அக்கா யோசிக்கவே இல்லை. "இவ விழுந்தா நான் மொதல்ல மூணாம் நம்பர் டிரையர நிறுத்திட்டுத்தான் ஓடி வருவேன். உள்ள எவனோட பெல்ட்டாவது மாட்டிக்கிட்டு டணங்கு டணங்குன்னு அடிச்சிட்டிருக்கும். அந்தச் சத்தத்துல இவள எங்க பாக்கறது?" சொல்லி முடித்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். செக்போஸ்ட் லீவு போட்ட நாளில் வந்த மூட்டை, வேறு யாராவது பிரித்த மூட்டை, எல்லாம் அந்த டிரையரில்தான் வந்து சத்தம் போட்டன. ஏழு வருடம் எல்லோருடைய காதிலும் விழுந்த சத்தம்தான்.

ஒன்பது வயதில் செக்போஸ்ட்டைக் கூடப் பிறந்த அக்காள் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். "அத்தான் பெல்ட்ட உருவினா கொக்கி கட்டில் கம்பில படும். அக்கா எழுந்து போய் ரேடியோவ சத்தமா வைக்கும். அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது. மறுநாள் குளிக்கும்போதுதான் எங்கெங்க பட்டுதுன்னு தெரியும்." இதைச் சொன்னபோதும் அவருடைய கட்டைவிரல் யாருடைய கால்சட்டையையோ சுற்றிக்கொண்டிருந்தது. எனக்குத்தான் பேனா ஓடவில்லை. அந்த அத்தான் இப்போதும் எங்கோ பெல்ட் போட்டுக்கொண்டு நடமாடிக்கொண்டிருப்பார்.

சலவைக்கடை மானேஜர் கெட்டவர் அல்லர். நீராவி அடிக்கிற இடத்திலும் துணித் தொப்பியைக் கழற்றாதவர். அதற்கான காரணம் கடையில் எல்லோருக்கும் தெரியும், தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். டாக்டர் எழுதிக்கொடுத்ததைப் படித்துவிட்டு நியாயமாகத்தான் கேட்டார்: "நோய் இல்லைன்னு டாக்டரே சொல்லியாச்சு. அப்புறம் எதுக்கு விழறே?" காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். "இனி ஒரு தடவ விழுந்தா சீட்டு கிழிஞ்சிடும்" என்றார். செக்போஸ்ட்டுக்கு இந்த வேலையை விட்டால் வேறு வேலை கிடைக்காது என்பதில்லை. இந்த வேலையில்தான் ஒரு வாடகை அறை சாத்தியமாகியிருக்கிறது. அந்த அறைக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறது. போட்டுவிட்டால் வெளியிலிருந்து யாரும் திறக்க முடியாது. அதைப் பற்றிப் பேசும்போது சிலர் நகையைப் பற்றிப் பேசுவது போலப் பேசுவார்.

தரை கீழே போக ஆரம்பித்ததும், கண்ணில் படுகிற ஐந்து விஷயங்களை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது டாக்டர் சொல்லிக்கொடுத்த பயிற்சி. அந்த நேரத்தில் எதுவும் நினைவுக்கு வராது என்பதால், இஸ்திரி அக்கா ஒரு அட்டையில் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு, இவர் மேலங்கிப் பையில் வைத்தார். ஒன்று, நீலத் தொட்டி. இரண்டு, ஓடாத கடிகாரம். மூன்று, கதவு திறந்திருக்கு. நான்கு, மானேஜர் தொப்பிக்குள்ள வழுக்கை. ஐந்து, இங்க ரேடியோ இல்ல. அட்டையின் உதவியால் ஐந்து மாதம் விழாமல் ஓட்டிவிட்டார். இப்படி ஒரு அட்டை இருப்பதே மானேஜருக்குத் தெரியாது.

போன வியாழக்கிழமை இந்தச் சொற்சித்திரத்தை எழுதுவதற்காக அவரோடு பேச உட்கார்ந்திருந்தேன். காலையில் வந்தவுடனே, அவருக்கு வேலை குறையட்டுமே என்ற நல்லெண்ணத்தில், என் துணி மூட்டையை நானே துவைக்கப் போகிற தள்ளுவண்டியில் கொட்டியிருந்தேன். மதியத்துக்கு மேல் மூன்றாம் நம்பர் டிரையர் டணங்கு என்றது. இடுப்பைத் தடவிப் பார்த்தேன். காலையிலிருந்து கால்சட்டை ஏன் இறங்கிக்கொண்டே இருக்கிறது என்பது அப்போதுதான் விளங்கியது.

செக்போஸ்ட் மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார். "நீலத் தொட்டி" என்றார். "ஓடாத கடிகாரம்" என்றார். மூன்றாவது வரவில்லை. விழுந்தார்.

இஸ்திரி அக்கா வெளியே போயிருந்தார். நான் மரம் மாதிரி நின்றேன். அறையிலிருந்து மானேஜர் வந்தார். கீழே பார்த்தார், டிரையரைப் பார்த்தார். போய் அதை நிறுத்தி, உள்ளே கையை விட்டு என் பெல்ட்டை எடுத்து, யாருடையது என்று கேட்காமல் ஜன்னல் வழியே எறிந்தார். இரண்டு துண்டுகளை மடித்து செக்போஸ்ட்டின் தலைக்குக் கீழே வைத்தார். பையிலிருந்து அட்டை நழுவித் தரையில் கிடந்தது. எடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, வந்த சரக்கைச் சரிபார்க்கிற குரலில் படித்தார்.

"ஒண்ணு, நீலத் தொட்டி. இருக்கு. ரெண்டு, ஓடாத கடிகாரம்." கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். அது ஓடவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்த மாதிரி இருந்தது. "மூணு, கதவு திறந்திருக்கு." கதவு சாத்தியிருந்தது. எழுந்து போய் அகலத் திறந்துவைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நாலு" என்றார். உதடு மட்டும் இரண்டு தடவை அசைந்தது. என்னைப் பார்த்தார். நான் நீலத் தொட்டியைப் பார்த்தேன்.

"நாலு, மானேஜர் தொப்பிக்குள்ள வழுக்கை" என்று அதே குரலில் படித்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, செக்போஸ்ட்டின் முகத்துக்கு நேராகத் தலையைக் குனிந்தார். "இருக்கு" என்றார். "அஞ்சு, இங்க ரேடியோ இல்ல. இல்ல."

மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொரு தடவையும் நான்கு வந்தபோது தலையைக் குனிந்தார். நான்காவது தடவையில் செக்போஸ்ட் கண்ணைத் திறந்தார். குனிந்திருந்த தலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"விழுந்துட்டனா?"

"ம்."

"சீட்டு?"

"அஞ்சு மணிக்கு ஆஸ்பத்திரித் துணி எடுக்க வண்டி வருது. எழுபது விரிப்பு மடிக்காமக் கெடக்கு" என்றார் மானேஜர்.

செக்போஸ்ட் எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். மானேஜர் கையிலிருந்த தொப்பியை வாங்கி, உள்பட்டிக்குள் கட்டைவிரலை விட்டு ஒரு முழுச் சுற்றுச் சுற்றினார். இரண்டாவது சுற்றையும் முடித்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார்.