ட்ரையல் முடிய ஏழு நாள் இருந்தப்போ

அந்த மனுஷன் சாகணும்னு நான் ஒரு நாளும் வேண்டிக்கல. ஆனா பொழைக்கணும்னும் என்னால வேண்டிக்க முடியல. பன்னெண்டு நாள் அப்படித்தான் இருந்தேன். இதே அன்பிய செபக் கூட்டத்துல உங்களோட மண்டி போட்டு உக்காந்திருப்பேன். வாய் மட்டும் அசையும். அந்தப் பன்னெண்டு நாளும் நீங்க எல்லாரும் என்னைப் பாராட்டினீங்க. அதனாலதான் உங்க முன்னாடியே எழுந்து நின்னு சொல்லணும்னு வந்தேன்.

புதுசா வந்தவங்களுக்காகச் சொல்றேன். என் பேரு லூர்துமேரி. முதலியார்பேட்டையில வாடகை வீடு. என் வீட்டுக்காரரு பஞ்சாலையில இருந்தவரு. ஆலை மூடுனப்புறம் கிடைச்ச வேலையெல்லாம் செஞ்சாரு. கிட்னி போயி ரெண்டு வருஷம் படுத்த படுக்கையா கிடந்து இறந்துட்டாரு. நானும் என் பொண்ணு ஜெனிபரும்தான். அவ ப்ளஸ் ஒன் படிச்சிட்டிருந்தா. நான் தச்சிட்டிருந்த கார்மென்ட்ஸையும் மூடிட்டாங்க.

அப்பதான் நம்ம ஊரு மேட்டுப்பாளையத்துல ஒரு பார்சல் குடோன்ல டிரைவர் எடுக்கிறாங்கன்னு கேள்விப்பட்டேன். பேட்டரி வண்டி. மூணு சக்கரம், பின்னாடி பெட்டி. தொண்ணூறு நாள் ட்ரையல். அதுக்குள்ள பெரிய புகார் வந்தாலோ, வண்டி எங்கயாவது மோதினாலோ ஐடியை பிளாக் பண்ணிடுவாங்க. தாண்டிட்டா வேலை நிரந்தரம். அங்க பொம்பள டிரைவர் நான் ஒருத்திதான்.

முதல் மாசம் அழாத நாளே கிடையாது. கடற்கரைப் பக்கம் ஒரே தெருவுக்கு பிரெஞ்சுல ஒரு பேரு, தமிழ்ல ஒரு பேரு. நான் ஒண்ணு தேடுவேன், போன்ல இன்னொண்ணு காட்டும். மூணாவது மாடிக்குத் தூக்கிட்டுப் போனா வீடு பூட்டியிருக்கும். ஒண்ணுக்குப் போக இடம் இருக்காதுன்னு தண்ணியே குடிக்காம ஓட்டுவேன். சாயங்காலம் ஆனா கண்ணு இருட்டும். அப்படியும் ஒரு புகார் இல்லாம எழுபது நாள் ஓட்டிட்டேன். குடோன் பொறுப்பாளர் தினேஷ் என்னைவிட பத்து வயசு சின்னவரு. "அக்கா, நீங்க தாண்டிடுவீங்க"ன்னு சொன்னாரு.

எழுபத்தோராவது நாள். செவ்வாய்க்கிழமை, மதியம் ரெண்டு மணி இருக்கும். மேட்டுப்பாளையத்துல மூடிக்கிடக்கிற ஒரு கம்பெனியோட சுத்துச்சுவர் ஓரமா ஒரு சந்து. தப்பான சந்துல நுழைஞ்சிட்டேன். ரிவர்ஸ் எடுத்தேன்.

ரிவர்ஸ் போட்டா பீப் பீப்னு சத்தம் வரணும். நாலு நாளா அது வேலை செய்யல. சொன்னா வண்டியைப் பட்டறைக்கு விட்டுடுவாங்க, என் கணக்குல நாள் கெட்டுடும்னு நான் வாயே தொறக்கல. பேட்டரி வண்டிக்கு இன்ஜின் சத்தமும் கிடையாது. பின்னாடி ஒரு மனுஷன் குனிஞ்சு சைக்கிளுக்கு செயின் மாட்டிக்கிட்டிருந்தாரு. அவருக்கு ஒண்ணும் கேக்கல. நானும் இறங்கிப் பாக்கல.

டொம்முனு ஒரு சத்தம். அவ்வளவுதான்.

இறங்கி ஓடினேன். சாக்கடைக் கட்டையில தலை மோதி மல்லாக்கக் கிடந்தாரு. காதுல ரத்தம். கண்ணத் தொறந்து என்னைப் பாத்தாரு. "செல்விகிட்ட சொல்லாதீங்க, பயந்துடுவா"ன்னு தெளிவா சொன்னாரு. அப்புறம் கண்ணு மேல போயிடுச்சு.

நான் கத்தினேன். ஆனா கத்துறதுக்கு முன்னாடி ஒரு காரியம் செஞ்சேன். கீழ கிடந்த சைக்கிளை எடுத்து சுவத்துல சாத்தி வெச்சேன். ஏன் செஞ்சேன்னு அப்ப யோசிக்கல. இடிச்ச அடையாளத்தை மறைக்கணும்னு கைக்குத் தெரிஞ்சிருக்கு.

ஷிப்ட் முடிஞ்சு போற ரெண்டு பேரு ஓடி வந்தாங்க. அதுல ஒருத்தரு, "ஐயோ நம்ம குமரேசன்! எந்தப் பாவி இடிச்சுட்டுப் போனான்?"னு கேட்டாரு. நான் பதில் சொல்லல. அந்த ஒரு நொடி சும்மா இருந்தேன் பாருங்க, பொய் அங்கதான் ஆரம்பிச்சுது.

பெட்டியிலிருந்த பார்சலையெல்லாம் இறக்கி ரோட்டுல போட்டோம். அவரைப் படுக்க வெச்சு கோரிமேட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். கேஷுவாலிட்டியில கேட்டப்போ, "ரோட்டுல கிடந்தாரு, எடுத்துட்டு வந்தேன்"னு சொன்னேன். போலீஸ்காரர் அடையாளம் தெரியாத வண்டின்னு எழுதிக்கிட்டாரு. என்கிட்ட கையெழுத்து வாங்கினாரு. நான் போட்டேன்.

ஒரு மணி நேரத்துல அவரு பொண்டாட்டி செல்வி வந்துச்சு. என் வயசுதான். என் ரெண்டு கையையும் பிடிச்சு கண்ணுல ஒத்திக்கிச்சு. "அக்கா, நீங்க இல்லன்னா அங்கயே போயிருப்பாரு." என் கையில அவரு ரத்தம் காஞ்சு இருந்துச்சு.

தலையில ஆபரேஷன் பண்ணாங்க. நினைவு திரும்பல.

மறுநாள் தினேஷ் என் போட்டோவை குடோன் வாட்ஸ்அப் குரூப்புல போட்டாரு. மேலிடத்துல இருந்து பாராட்டு வந்துச்சு. ட்ரையல் முடியறதுக்கு முன்னாடியே நிரந்தரம் பண்ண எழுதியிருக்கேன்னு சொன்னாரு. ஞாயித்துக்கிழமை ஃபாதர் பிரசங்கத்துல என்னைப் பத்திப் பேசினாரு. நீங்க கை தட்டினீங்க. ஜெனிபர் என்னைப் பெருமையாப் பாத்தா. எனக்கு அங்கயே பூமி பிளந்து உள்ள போயிடலாம்னு இருந்துச்சு.

தினமும் வேலை முடிஞ்சு ஆஸ்பத்திரிக்குப் போவேன். செல்விக்கு ஏதாவது வாங்கிட்டுப் போவேன். பாசம்னு அது நினைச்சுது. பாசமில்லீங்க. அவரு முழிச்சுட்டாரான்னு தெரிஞ்சுக்கணும். முழிச்சா என்னைக் காட்டிக் குடுத்துடுவாரு. செல்வி வேற அடிக்கடி, "அவரு கண்ணு முழிச்சதும் முதல்ல உங்களைத்தான் காட்டுவேன்"னு சொல்லும்.

வீட்டுல மாதா படத்துக்கு முன்னாடி உக்காந்தா, அவரைக் காப்பாத்துன்னு சொல்ல வாய் வரும். உடனே மனசு, அப்போ உன் வேலை போயிடுமேன்னு சொல்லும். செபம் அங்கயே நின்னுடும். ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனம் சொல்ல வரிசையில நின்னு, என் முறை வந்தப்போ வெளிய நடந்துட்டேன். வீட்டுக்காரரு போனப்போகூட கடவுள் எனக்கு இவ்வளவு தூரமா இல்ல.

பன்னெண்டாம் நாள் அவருக்குக் காய்ச்சல் ஏறிடுச்சு. இன்னும் ரெண்டு நாள் தாண்டினாதான் பொழைப்பாருன்னு டாக்டர் சொல்லிட்டாராம். செல்வி போன்ல அழுதுச்சு. அப்ப நான் பார்சலோட இந்திரா காந்தி சிலைக்கிட்ட சிக்னல்ல நிக்கிறேன். போனை வெச்சதும் என் மனசுல முதல்ல என்ன வந்துச்சு தெரியுமா? ஒரு நிம்மதி. இதைச் சொல்றதுக்கு வெக்கமா இருக்கு. ஆனா சொல்லித்தான் ஆகணும்.

அந்த நிம்மதியைப் பாத்துதான் நான் பயந்தேன். நான் யாரா ஆயிட்டேன்னு பயந்தேன். வண்டியை அங்கயே நிறுத்திட்டு ஹேண்டில் மேல தலையை வெச்சேன். பின்னாடி ஹாரன் அடிச்சுக்கிட்டே இருக்காங்க. "ஆண்டவரே, அவரு பொழைக்கணும். பொழைச்சு என்னைக் கைகாட்டணும். எனக்கு இந்த வேலை வேணாம். அவரைக் குடு." அவ்வளவுதான் என் செபம். அந்தப் பன்னெண்டு நாள்ல அதுதான் நான் முழுசாச் சொன்ன ஒரே செபம்.

ஆனா அவரு முழிக்கிற வரைக்கும் காத்திருந்தா அது உண்மை சொன்னதாகாது. நேரா ஆஸ்பத்திரிக்குப் போனேன். செல்வி வராண்டாவுல பாயை விரிச்சு உக்காந்திருந்துச்சு. டிபன் பாக்ஸைத் தொறந்து, "சாப்டீங்களாக்கா?"ன்னு எனக்கும் ஒரு இட்லி எடுத்து நீட்டுச்சு.

"செல்வி, அவரை இடிச்சது நான்தான்."

அதுக்குப் புரியல. மறுபடியும் சொன்னேன். ரிவர்ஸ் எடுத்தது, இறங்கிப் பாக்காதது, சைக்கிளை எடுத்து சாத்தி வெச்சது, எல்லாத்தையும் சொன்னேன். அடிக்கும்னு நினைச்சேன். அடிக்கல. "அப்போ அவரு பேசினாரா? விழுந்தப்போ ஏதாவது சொன்னாரா?"ன்னு கேட்டுச்சு.

அவரு சொன்னதைச் சொன்னேன். பன்னெண்டு நாளா அந்தப் பொண்ணுக்குச் சேர வேண்டிய வார்த்தையை நான் என் வயித்துக்குள்ள வெச்சிருந்தேன். அது டிபன் பாக்ஸை மூடிட்டு வாயில முந்தானையை வெச்சு அழுதுச்சு. அப்புறம், "போயிடுங்க. என் கண்ணு முன்னாடி நிக்காதீங்க"ன்னு சொல்லுச்சு.

அங்கிருந்து போலீஸ் ஸ்டேஷன் போய் எழுதிக் குடுத்தேன். எண்பத்து மூணாவது நாள். அன்னிக்கு சாயங்காலமே என் ஐடி பிளாக் ஆயிடுச்சு. தினேஷ் தலையில கை வெச்சுக்கிட்டாரு. "யாருமே கேக்கலியேக்கா. இன்னும் ஏழே நாள். ஏங்க்கா வாயத் தொறந்தீங்க?" ஜெனிபர் ஒரு வாரம் என்கிட்ட பேசல. கோயில்ல சிலர் என் பக்கத்துல உக்காரல. அவங்க மேல தப்பில்ல.

எட்டு நாள் கழிச்சு, அந்த ஆஸ்பத்திரியில ஆயா வேலை பாக்கற நம்ம ரெஜினா அக்கா எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னாங்க. "மேரி, அவரு கண்ணு முழிச்சுட்டாரு. பேரு சொல்றாரு." அக்கா இன்னொண்ணும் சொன்னாங்க. அவருக்கு அன்னிக்கு நடந்தது எதுவுமே ஞாபகம் இல்லியாம். சைக்கிள், சந்து, என் முகம், எதுவும் இல்ல.

அப்படின்னா நான் சொல்லாம இருந்திருந்தா கடைசி வரைக்கும் யாருக்கும் தெரிஞ்சிருக்காது. வேலை நிரந்தரம் ஆகியிருக்கும். கேட்டதும் ஒரு நிமிஷம் எனக்கு, ஏன்தான் சொன்னோம்னு இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன். அந்த நிமிஷம் போனதுக்கப்புறம்தான் வாய்விட்டு நன்றி சொன்னேன். ஆண்டவர் அவருக்கு உயிரைக் குடுத்தாரு. எனக்கு, மறுபடியும் தன்கிட்ட செபம் பண்ற வாயைக் குடுத்தாரு. முதலாவது நான் கேட்டது, ரெண்டாவது நான் கேக்காமலே குடுத்தது.

அதுக்கப்புறம் எல்லாம் சுகமா நடந்துச்சுன்னு நினைக்காதீங்க. கோர்ட்டுல குத்தத்தை ஒத்துக்கிட்டேன். அபராதம் கட்டினேன், லைசென்ஸை மூணு மாசம் முடக்கினாங்க. ஒரு ஓட்டல்ல பாத்திரம் கழுவினேன். குமரேசனுக்கு வலது கை சரியா வரல, கோல் ஊணி நடக்குறாரு. வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்துச்சு. இடிச்ச வண்டி எதுன்னு தெரிஞ்சதால அவங்க குடும்பத்துக்கு அதுல உதவி கிடைச்சுது. நான் வாயை மூடியிருந்தா அதுவும் கிடைச்சிருக்காது.

லைசென்ஸ் திரும்பி வந்தப்போ நான் யாரையும் போய்க் கேக்கல. தினேஷே கூப்பிட்டாரு. வேற கான்ட்ராக்ட்டர்கிட்ட எனக்காகப் பேசியிருக்காரு. "தப்பு பண்ணிட்டு தானா வந்து சொல்ற டிரைவரை நான் இன்னொருத்தரைப் பாத்ததில்ல"ன்னு சொன்னாராம். பழைய எண்பத்து மூணு நாள் செல்லாது. முதல் நாள்லேருந்து ஆரம்பிச்சேன். ஒவ்வொரு தடவை ரிவர்ஸ் எடுக்கும்போதும் இறங்கி, பின்னாடி போய்ப் பாத்துட்டுத்தான் எடுக்குறேன். லேட்டாகுது, திட்டு வாங்குறேன். பரவால்ல. போன மாசம் தொண்ணூறு நாள் முடிஞ்சுது. நிரந்தரம் ஆயிட்டேன்.

செல்வி இன்னும் என்கிட்ட பேசுறதில்ல. கடைத்தெருவுல பாத்தா எதிர்ப்பக்கம் போயிடும். அதுவும் நியாயம்தான். தினமும் அது பேரையும், அவரு பேரையும், அவங்க பிள்ளைங்க பேரையும் சொல்லி செபம் பண்றேன்.

இங்க உக்காந்திருக்கறவங்கள்ல யாருக்காவது செபம் பாதியில நின்னு போகுதுன்னா, கடவுள் கேக்கலன்னு நினைச்சுடாதீங்க. அவருகிட்ட எதைச் சொல்லாம வெச்சிருக்கீங்கன்னு பாருங்க. அதை முதல்ல சொல்லிடுங்க. சொன்னா வலிக்கும். வேலை போகும், பேரு போகும், போகக்கூடியதெல்லாம் போகும். அவரு போக மாட்டாரு. அதை நான் பாத்துட்டேன்.